மூலை மடிப்பு

மாமாவின் இணையதளம் திறக்க முப்பத்தெட்டு நொடிகள் ஆயின. கைப்பேசியில் நேரம் வைத்து மூன்று முறை பார்த்தேன். முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, மறுபடியும் முப்பத்தெட்டு. ஒரு முறை பார்த்ததை நம்பும் பழக்கம் எனக்கு இல்லை.

மாமா என்றால் நாகபூஷணம் மாமா, அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். புத்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிர் மாடியில் திருமணத் தகவல் மையம் வைத்திருக்கிறார். நகரி, சத்தியவேடு, சித்தூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள்தான் அதிகம் வரும். பட்டப்படிப்பு முடித்ததிலிருந்து பகலில் அங்கே வேலை பார்க்கிறேன். வருகிற ஜாதகங்களை ஸ்கேன் செய்து, பையன் அல்லது பெண்ணின் படத்தோடு தளத்தில் ஏற்ற வேண்டும். நான்கு மணிக்குப் படி இறங்கித் திருப்பதி பஸ் பிடித்தால் ஐந்தரை மணி வகுப்புக்குச் சரியாக இருக்கும். இணையதள வடிவமைப்பு, ஆறு மாதப் படிப்பு. பஸ்ஸில் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் போவேன். இடம் கிடைத்தாலும், எலும்பு முறிவுக்குப் புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொண்ட கையோடோ காலோடோ யாராவது ஏறிவிடுவார்கள்.

மூன்றாம் மாதம் வகுப்பில் வேகத்தைப் பற்றிய பாடம் வந்தது. ஆளுக்கு ஒரு உண்மையான தளத்தை எடுத்து, அதை மூன்று நொடிக்குள் திறக்க வைக்க வேண்டும் என்றார் சார். நான் மாமாவின் தளத்தைக் கேட்டேன்.

"தாராளமா பண்ணு," என்றார் மாமா. "ராமகுப்பத்துலர்ந்து ஒருத்தன் போன் பண்ணி, இன்னா சார், உங்க பொண்ணுங்க எல்லாம் சுத்திக்கினே கீறாங்க, மூஞ்சியே காட்ட மாட்டேன்றாங்கன்னு கேக்கறான். மானம் போவுது."

காரணம் படங்கள்தான். மொத்தம் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது பதிவுகள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம், ஒரு ஜாதகக் கட்டம். எல்லாம் கேமராவிலிருந்தும் ஸ்கேனரிலிருந்தும் அப்படியே ஏற்றியவை, ஒவ்வொன்றும் மூன்று நான்கு எம்பி. அவற்றைப் புதிய வடிவங்களுக்கு மாற்றினால் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது என்று சார் காட்டியிருந்தார். ஏவிஃப் என்ற வடிவம் இன்னும் சின்னதாக வந்தது, ஆனால் மாமாவின் பழைய போனில் திறக்கவில்லை. அதனால் வெப்பி என்ற வடிவத்தை எடுத்தேன்.

அதில் தரம் என்று ஒரு எண் கொடுக்க வேண்டும். எண்ணைக் குறைத்தால் படம் சிறிதாகும், கெடவும் செய்யும். எங்கே கெடத் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முப்பது படங்களை எடுத்தேன். எண்பதில் வித்தியாசமில்லை. அறுபதில் இல்லை. முப்பத்தைந்தில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து எது பழசு என்று மாமாவைக் கேட்டேன். முப்பதில் பத்தொன்பதைத் தப்பாகச் சொன்னார். முப்பத்தைந்து என்று முடிவு செய்து, அகலத்தையும் போன் அளவுக்குக் குறைத்து, எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாக மாற்றினேன். ஒருமுறை பார்த்த படத்தைப் பார்த்தவர் போனே ஒரு வருடம் சேமித்து வைத்துக்கொள்ளட்டும், திரும்பத் திரும்பக் கேட்க வேண்டாம் என்றும் கட்டளை எழுதினேன். அதுவும் பாடத்தில் இருந்ததுதான். சர்வரில் இடம் நிரம்பியிருந்ததால் பழைய படங்களை அழித்தேன்.

இரண்டு நொடியில் திறந்தது. சார் வகுப்பில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அன்று நோட்டில், 'எதையாவது விட்டுவிட்டேனா?' என்று எழுதியிருக்கிறேன். நான் எப்போதும் எழுதுவது அது. அதனால் அதற்கு நான் மதிப்புக் கொடுக்கவில்லை.

விட்டது இதுதான். நான் சோதித்த முப்பது படங்களும் முகங்கள். ஒரு கட்டம்கூட அதில் இல்லை.

*

அறுநூற்றுப் பதினோராம் பதிவு என்னுடையது. தரணி, இருபத்து நான்கு வயது, மகர ராசி, திருவோணம். மூன்று வருடமாக அங்கே இருக்கிறது. எனக்குக் கும்ப லக்னம். அதிலிருந்து எண்ணினால் நான்காம் வீட்டில் செவ்வாய். செவ்வாய் தோஷம் உள்ள பெண்ணைத் தோஷம் இல்லாத பையனுக்குக் கொடுத்தால் அவன் உயிருக்கு ஆகாது என்பார்கள். பதினோரு குடும்பங்கள் வந்து பார்த்து, பிறகு போன் செய்யாமல் இருந்துவிட்டார்கள்.

எனக்கு அதில் பெரிய வருத்தம் இருந்தது என்று சொன்னால் பொய். கல்யாணம் தள்ளிப்போனதால்தான் பட்டம் முடித்தேன். தினமும் திருப்பதி போய்வர விட்டார்கள். செவ்வாய்க்கு நான் கொஞ்சம் நன்றியோடுதான் இருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

தளம் வேகமான ஒன்பதாம் நாள் சித்தூரிலிருந்து போன் வந்தது. முனிகிருஷ்ணன் என்று பெயர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் எழிலரசன் மாம்பழக் கூழ் ஆலையில் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறான். அவர்களுடைய ஜோசியர் பக்கிரிசாமி என் கட்டத்தைப் போனிலேயே பார்த்துவிட்டாராம். மகனுக்குத் தோஷம் இல்லை, ஆனாலும் ஜாதகம் பொருந்துகிறதாம். எப்படிப் பொருந்துகிறது என்று அம்மாவும் கேட்கவில்லை, மாமாவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். முனிகிருஷ்ணன் காபியை வாங்கியதும் பேச ஆரம்பித்தவர், நிறுத்தவில்லை.

"நாப்பது பொண்ணு ஜாதகம் எடுத்துக்கினு போனேம்மா. எல்லாத்தையும் 'வண்டி போவாது'ன்னு எறக்கி உட்டுட்டாரு பக்கிரிசாமி. உன்னுதுக்குத்தான் 'ரைட்' குடுத்தாரு!"

எழிலரசன் பின்கட்டுக் குழாயடியில் கை கழுவ வந்தபோது என்னிடம் பேசினான்.

"எங்க கோல்ட் ஸ்டோரேஜாண்ட ஒரே ஒரு புள்ளிதான் சிக்னல் வரும். அங்க நின்னுகினு பத்து சைட்டு பார்த்தேன். உங்க படம் ஒண்ணுதான் முழுசா வந்துது."

"அது நான் பண்ணதுதான்," என்றேன்.

"எது, படமா?"

"படத்தைச் சின்னதா ஆக்கினேன்."

"நேர்ல அப்படி ஒண்ணும் சின்னதா இல்லையே," என்று சொல்லிவிட்டு, சொன்னது என்னவென்று புரிந்து, குழாயைத் திறந்து இன்னொரு முறை கை கழுவினான். காதெல்லாம் சிவந்துவிட்டது. "நான் வேற அர்த்தத்துல சொல்லலை. படிப்பு எப்ப முடியுது? முடிச்சிட்டே வாங்க. எங்க கம்பெனி சைட்டும் சுத்திக்கினேதான் கீது."

மறுநாள் பஸ்ஸில் நோட்டை எடுத்து, 'பிடித்திருக்கிறது' என்று எழுதினேன். அடித்தேன். ரேணிகுண்டா தாண்டியதும் மறுபடி எழுதினேன்.

*

அதற்கு அடுத்த நாள் வகுப்பில், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் தளம் எப்படி இருந்தது என்று பெரிய திரையில் காட்டச் சொன்னார் சார். பிறர் வீட்டுப் பெண்களைத் திரையில் போட மனம் வரவில்லை. என் பதிவையே திறந்தேன்.

பின் வரிசையில் ஹரிபிரசாத் இருந்தார். புத்தலப்பட்டுக்காரர், அப்பா புரோகிதர். பேச்சு எப்போதும் பாதித் தெலுங்கு.

"தரணி காரு, மீரு மீன லக்னமா?"

"இல்லை, கும்பம்."

"கும்பமா? அப்படின்னா கோடு எதுக்கு மீனத்துல கீது?"

திரையைப் பார்த்தேன். ஜாதகக் கட்டத்தில் பன்னிரண்டு வீடுகள். எந்த வீடு லக்னமோ அதன் மூலையில் சாய்வாகக் கோடு போடுவார்கள். அங்கிருந்துதான் மற்ற வீடுகளை எண்ண வேண்டும். என் கட்டத்தில் மேலே இடது மூலையில் இருக்கும் மீனத்தில் ஒரு சாய்கோடு தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே கும்பத்தில் ஒன்றுமே இல்லை.

வகுப்பு முடியும்வரை உட்கார்ந்து யோசித்தேன். என் ஜாதகத்தை எழுதியவர் கிரகங்களை நீல மையிலும் லக்னக் கோட்டை மட்டும் சிவப்பு மையிலும் போட்டவர். லக்னம் என்று எழுத்தாக எதுவும் போடவில்லை. தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, வருடத்துக்கு ஒருமுறை அம்மா பூஜையில் வைத்து மேலும் தடவி, தாள் முழுக்க மஞ்சளாகிவிட்டது. மஞ்சளில் மெல்லிய சிவப்புக் கோடு. படத்தைச் சுருக்கும்போது வெளிச்சத்தையும் நிழலையும் கவனமாக வைத்துக்கொள்ளும், நிறத்தைப் பக்கத்து நிறத்தோடு கலந்துவிடும், மனிதக் கண்ணே அப்படித்தான் பார்க்கிறது என்று சார் முன்பே சொல்லியிருந்தார். நான் அதைக் குறிப்பும் எடுத்திருந்தேன். சிவப்புக் கோடு மஞ்சளில் கரைந்துவிட்டது. ஆனால் தாளின் இடது மூலை எப்போதோ மடங்கி நிமிர்ந்தது. அந்த மடிப்பு நிறம் அல்ல, நிழல். அது அப்படியே நின்றது. மூலை வீட்டின் குறுக்கே சாய்வாக, யார் பார்த்தாலும் லக்னம் என்று சொல்லும்படி.

மீனத்திலிருந்து எண்ணினால் செவ்வாய் மூன்றாம் வீட்டுக்கு வந்துவிடும். மூன்றில் தோஷம் கிடையாது.

பக்கிரிசாமி 'ரைட்' கொடுத்தது எனக்கு அல்ல, அந்த மடிப்புக்கு.

பஸ்ஸில் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தேன். முப்பது படங்களை எடுத்தபோது ஏன் எல்லாம் முகமாக எடுத்தேன்? முகம்தான் முக்கியம் என்று நினைத்தேனா, கட்டங்களைப் பார்க்கப் பிடிக்காமல் விட்டேனா? நோட்டில் அந்த நாளின் பக்கத்தைப் படித்தேன். காரணம் எழுதவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் எழுதுகிறவள் அதற்கு எழுதவில்லை.

*

மறுநாள் காலை மையத்துக்கு முதல் ஆளாகப் போய்க் கட்டங்கள் அனைத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சளில் சிவப்புக் கோடு போட்டவை என்னுடையதோடு இருநூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றிலும் கோடு மங்கியோ மறைந்தோ போயிருந்தது. மாமா வந்ததும் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

"இப்ப இன்னா, எரநூறு பேருக்கும் போன் பண்ணி உங்க லக்னம் அழிஞ்சிட்டுதுன்னு சொல்லணுமா? அப்புறம் மையத்தைப் பூட்டிக்கினு மலை ஏறிட வேண்டியதுதான்."

"பழைய கம்ப்யூட்டர்ல ஸ்கேன் கொஞ்சம் இருக்கும் மாமா. இருக்கிறதைச் சரியா மாத்தி ஏத்திடறேன். இல்லாததை எடுத்துட்டு, நேர்ல பார்க்கவும்னு போட்டுடலாம்."

"செய்யி. சத்தம் போடாம செய்யி."

"என்னுதும் அதுல இருக்குது. சித்தூர்க்காரங்க அதைப் பார்த்துதான் வந்தாங்க."

மாமா நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "உன்னுதை எதுக்குத் தோண்டறே? மூணு வருசத்துல மொதோ தபா ஒண்ணு கூடி வந்துகினு கீது. ஊருக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வைக்கிறவன் தங்கச்சி பொண்ணை ஊட்லயே வச்சினு கீறான்னு என்னை எத்தினி பேரு கேட்டானுங்க தெரியுமா?"

அன்று வகுப்புக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போனேன். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனா கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தார். அம்மாவிடம் ஜாதகத்தைக் கேட்டேன். பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மூலையைக் காட்டி, முதலிலிருந்து சொன்னேன். கேட்டு முடித்ததும் தாளை என் கையிலிருந்து வாங்கி உறையில் போட்டாள்.

"ஒரு ஜோசியர் கும்பம்பாரு, இன்னொருத்தரு மீனம்பாரு. நீ கம்ப்யூட்டர் படிச்சியா, ஜோசியம் படிச்சியா?"

"அம்மா, அது கோடு இல்ல. மடிப்பு."

"மடிப்போ கிடிப்போ. பதினோரு கும்பல் வந்து, வடையும் கேசரியும் துன்னுட்டு, கையைத் தொடைச்சிக்கினு போயிட்டாங்க. ஒவ்வொரு தபாவும் ஏனம் கழுவினவ நானு." பீரோவைப் பூட்டினாள். "நைனா காதுல இது உழக் கூடாது. உன் வாயால இது வந்துதோ, நான் இந்த ஊட்ல இருக்க மாட்டேன்."

நீ வாயைத் திறந்தால் அடிப்பேன் என்றிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

*

நான்கு நாளில் மற்ற வேலைகளை முடித்தேன். பழைய கம்ப்யூட்டரில் நூற்று முப்பது ஸ்கேன்கள் கிடைத்தன. என்னுடையதும் இருந்தது. இந்த முறை துளியும் சேதாரமில்லாத முறையில் மாற்றினேன். சிவப்புக் கோடு முள் மாதிரி நின்றது. எல்லாவற்றையும் ஏற்றினேன்.

யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. படம் சரியாகிவிட்டது. அவர்கள் மறுபடி பார்த்தால் தெரிந்துகொள்வார்கள். நான் வாயைத் திறந்ததாகவும் ஆகாது, மறைத்ததாகவும் ஆகாது. இப்படி ஒரு வழி இருப்பதாக இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அவர்கள் போனில் பழைய படம்தான் இருக்கும். ஒரு வருடம் வைத்துக்கொள் என்று சொன்னது நான். சர்வரில் கும்பம் இருந்தாலும் சித்தூரில் அந்த வீட்டுப் போன்களில் அடுத்த வருடம்வரை மீனம்தான். இதற்கு மாற்று எனக்குத் தெரியும், மிகவும் எளிது. கோப்பின் பெயரை மாற்றினால் போதும், எல்லாப் போனும் புதிதாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். மற்ற நூற்று இருபத்தொன்பது படங்களையும் பெயர் மாற்றித்தான் ஏற்றியிருந்தேன். அறுநூற்றுப் பதினொன்றுக்கு மட்டும் மாற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று நோட்டில் எழுதினேன். எழுதிய எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை, வகுப்புக்கு முன், திருப்பதி பேருந்து நிலையத்தில் எழிலரசன் போன் வந்தது. வாரம் இரண்டு முறை பேசுவான். மொட்டை போட்ட குடும்பம் ஒன்று பக்கத்தில் பைகளை எண்ணிக்கொண்டிருந்தது. நான் தூணோரம் நகர்ந்து, நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். தரம் முப்பத்தைந்து, மஞ்சள், சிவப்பு, மடிப்பு, கும்பம், செவ்வாய். நான்கு நிமிடம் ஆனது.

அவன் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் சத்தம் குறைந்தது; தள்ளி நடந்து போகிறான்.

"நாலாம் எடமா," என்றான்.

"ஆமா."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"அம்மாக்கு, மாமாக்கு. உங்க நைனாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

"நான் எதுக்குச் சொல்லணும்?" குரல் உயர்ந்து, உடனே தாழ்ந்தது. "நாப்பது பொண்ணுங்க. ஒவ்வொண்ணும் பக்கிரிசாமி வாயில போயி திரும்பி வந்துது. நைனாக்கு இது தெரிஞ்சா அன்னிக்கே விசில் ஊதி எறக்கிடுவாரு. எனக்கு இதுல நம்பிக்கை இல்லைங்க."

"எனக்கு இருக்குதா இல்லையான்னு எனக்கே தெரியலை."

"உசுரு என்னுதுதானே? நான் பார்த்துக்கறேன். நீங்க சொல்லாதீங்க."

"நாளைக்கு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆனா ஆவுது. எல்லாருக்கும்தான் எதுனா ஆவுது." சிரிக்க முயன்றான். "ஹெல்மெட் போட்டுக்கினு போறேன், போதுமா?"

அவனிடம் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை. இனி அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், அவன் வண்டி எடுத்துக்கொண்டு போய் வர நேரமானாலும், நான் கோப்பின் பெயரை மாற்றாமல் விட்ட அந்தச் சாயங்காலம்தான் ஞாபகம் வரும். நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் ஞாபகம் வருமா என்று அவனிடம் கேட்க முடியாது. கேட்டால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்றாகிவிடும். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் வேண்டாம் என்று எனக்கு இல்லையே. அன்று வகுப்பில் நான் பெயர் எழுதிய தாளில் தேதி தப்பாக இருந்தது.

திங்கட்கிழமை மாமா என் பதிவை எடுத்துவிட்டார். வரன் அமைந்தால் எடுத்துவிடுவது மையத்தின் வழக்கம். அறுநூற்றுப் பத்துக்குப் பிறகு அறுநூற்றுப் பன்னிரண்டு. சரியான படமும் இல்லை, தப்பான படமும் இல்லை.

*

முகூர்த்தம் குறிக்கச் சித்தூரை அடுத்த காணிப்பாக்கத்தில் கூடினோம். இரு வீட்டாருக்கும் பொதுவான இடம் என்று முனிகிருஷ்ணன்தான் சொன்னார். விநாயகர் தரிசனம் முடித்து வெளியே ஒரு மண்டபத்தில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தோம். அந்தச் சாமி முன்னால் பொய்ச் சத்தியம் செய்தால் சாமி சும்மா விடாது என்று எங்கள் பக்கத்தில் பயம் உண்டு. ஊர்த் தகராறுகளில், காணிப்பாக்கம் வந்து சொல்லு பார்ப்போம் என்றால் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள்.

பக்கிரிசாமி நான் நினைத்ததைவிட இளைஞர். நாற்பது வயது இருக்கும். பஞ்சாங்கத்தையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார். போனைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"இன்னாம்மா, உன் பக்கமே காணோம்?"

"அமைஞ்சிட்டுதுன்னு எடுத்துட்டோம் சாமி," என்றார் மாமா.

"நல்லது, நல்லது. தாள் எடுத்துக்கினு வந்தீங்களா?"

"ஊட்லயே வச்சிட்டேன் சாமி," என்றாள் அம்மா. தாள் அவள் பையில் இருந்தது. கிளம்பும்போது வைத்ததை நான் பார்த்தேன்.

"பரவால்ல. முகூர்த்தத்துக்கு லக்னம், ராசி, நட்சத்திரம் இருந்தா போதும். மீனம்னு பார்த்த ஞாபகம். ஆனா பாருங்க, தினத்துக்கு இருபது கட்டம் பார்க்கறேன், ஞாபகத்தை நம்பி எழுதக் கூடாது." நோட்டில் புதிதாக ஒரு கட்டம் வரைந்து நிமிர்ந்தார். "பொண்ணே சொல்லட்டும். உன் லக்னம் இன்னாம்மா?"

முனிகிருஷ்ணன் சிரித்தார். "டிக்கெட்டைக் காட்டும்மா!"

அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள். மாமா மண்டபத்துத் தூணில் எதையோ படித்துக்கொண்டிருந்தார். நைனா மட்டும் ஒன்றும் தெரியாமல், மகள் பேசப் போகிற பெருமையில் என்னைப் பார்த்தார். எழிலரசனும் பார்த்தான். கெஞ்சவில்லை, தலையை ஆட்டவும் இல்லை. பார்த்தான், அவ்வளவுதான். ஒருவேளை நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் அதையும் தாங்கியிருப்பானோ என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. இரண்டு சொற்கள்தான் தோன்றின. ஒன்றைச் சொன்னால் வீட்டுக்குப் போய் இருக்க முடியாது. மற்றதைச் சொன்னால் வாழ்நாள் முழுக்க இவன் வீடு திரும்பும் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

"மீனம்," என்றேன்.

குரல் எனக்கே கேட்கவில்லை. பக்கிரிசாமி காதைச் சாய்த்தார். இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

அவர் எழுதிக்கொண்டார். அடுத்து ராசி, நட்சத்திரம் கேட்டார். அவை உண்மை. மகரம், திருவோணம் என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.